கமெண்ட் போதுமா, ஹெல்பர் வேண்டுமா: கர்னல் நினைவக நிரலில் பட்டுத் தெரிந்துகொண்டது

லினக்ஸின் மைய நிரலான கர்னலில் ஃபைண்ட்_விஎம்ஏ என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. ஒரு புராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின், முகவரி எந்த நினைவகப் பகுதிக்குள் இருக்கிறது என்று தேடித் தருவது அதன் வேலை. பெயரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அது தருவது வேறு. கொடுத்த முகவரிக்கு மேலே முடிகிற முதல் பகுதி எதுவோ, அதை எடுத்துக் கொடுக்கும். முகவரி அந்தப் பகுதிக்கு உள்ளே இருக்கலாம். அது தொடங்குவதற்கு முந்தைய வெற்றிடத்திலும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே விடைதான்.

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஃபங்ஷனுக்கு நேர் மேலேயே கமெண்டில், அதாவது படிப்பவருக்கான குறிப்பில், தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதைப் படிக்கவில்லை. எங்கள் சாதனத்தைக் கர்னலோடு இணைக்கும் டிரைவரை எனக்கு முன்னால் எழுதியவரும் படிக்கவில்லை, ரிவ்யூ பார்த்தவர்களும் படிக்கவில்லை. அதனால் மூன்று வாரம் போயிற்று.

அந்த மூன்று வாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் சாதனம் வீடியோ பஃபர்களில் வேலை செய்வது. பயனர் நிரல் எம்மேப் செய்து, அதாவது தன் முகவரிகளில் ஒரு நினைவகப் பகுதியைக் கேட்டு, பஃபரை வாங்கிக்கொள்ளும். பிறகு அதற்குள் ஒரு முகவரியையும் நீளத்தையும் டிரைவரிடம் கொடுக்கும். டிரைவர் ஃபைண்ட்_விஎம்ஏ வைத்துப் பகுதியைக் கண்டுபிடிக்கும். அது நம் டிரைவர் உருவாக்கிய பகுதிதானா என்று பார்க்கும். முகவரியிலிருந்து பகுதியின் தொடக்கத்தைக் கழித்தால் ஆஃப்செட் வரும். ஆஃப்செட்டும் நீளமும் சேர்ந்து பஃபரின் அளவைத் தாண்டவில்லை என்றால், பஃபரின் உண்மையான முகவரியோடு ஆஃப்செட்டைக் கூட்டிச் சாதனத்திடம் கொடுத்துவிடும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது.

பயனர் நிரலில் ஒரு பிழை இருந்தது. ஒரு பஃபரை விடுவித்த பிறகும் அதன் பழைய முகவரியையே அனுப்பியது. எண்களைச் சின்னதாக்கிக் காட்டுகிறேன். விடுவித்த பஃபர் 4096 முதல் 8192 வரை இருந்தது. அதற்கு மேலே 8192-ல் எங்களுடைய இன்னொரு பஃபர் தொடங்குகிறது. 4096 என்ற முகவரியில் இப்போது எதுவும் இல்லை. ஆனால் ஃபைண்ட்_விஎம்ஏ அடுத்த பகுதியைக் கொடுத்தது. அதுவும் எங்கள் டிரைவரின் பகுதிதான் என்பதால் அடுத்த சோதனையும் தாண்டிவிட்டது. 4096-லிருந்து 8192-ஐக் கழித்தால் மைனஸ் 4096. குறி இல்லாத 64 பிட் எண்ணில் மைனஸ் கிடையாது. அதனால் ஆஃப்செட் 18446744073709547520 ஆனது. இதோடு நீளம் 4096-ஐக் கூட்டினால் எண் சுற்றி வந்து சரியாக 0. பூஜ்யம் எந்த அளவையும் தாண்டாது, ஆக எல்லைச் சோதனையும் தேறியது. கடைசியில் பஃபர் முகவரியோடு அந்தப் பெரிய எண்ணைக் கூட்டியபோது, பஃபருக்குச் சரியாக ஒரு நினைவகப் பக்கம், அதாவது 4096 பைட், முன்னால் இருந்த இடம் வந்தது. சாதனம் அங்கே 4096 பைட்டுகளை எழுதிவிட்டுப் போனது.

அந்த இடம் யாருடையது என்பது அன்றன்றைக்கு மாறும். சில நாள் ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஒரு கான்ஃபிக் ஃபைலின் நடுவே 128, 128, 128 என்று வரிசையாக ஒரே எண் கிடந்தது. நிறமில்லாத சாம்பல் படத்தின் நிறப்பகுதி அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் இது எங்கள் டிரைவரின் வேலை என்று உறைத்தது. அதுவரை ரேம் கெட்டுவிட்டது என்று போர்டுகளை மாற்றிக்கொண்டிருந்தோம். கர்னலின் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் என்ற கருவியை ஓட்டிப் பார்த்தும் பயனில்லை. அது சிபியு செய்யும் எழுத்தைத்தான் கண்காணிக்கும், சாதனம் நேராக நினைவகத்தில் எழுதுவதைக் காணாது. அந்த போர்டில் சாதனத்தைத் தடுத்து நிறுத்தும் ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருளும் இல்லை.

காரணம் தெரிந்த அன்று மாலை எங்கள் குழு மூத்தவருக்கும் எனக்கும் நடந்த பேச்சுதான் இந்தக் கட்டுரைக்கு விதை.

“ஒரு இஃப் போட்டு, ஏன்னு மேல ரெண்டு வரி கமெண்ட் எழுதிடும்மா. போதும்” என்றார்.

“சார், கமெண்ட் ஏற்கெனவே இருக்கு. அதுவும் இருக்க வேண்டிய இடத்துலயே இருக்கு. யாரும் படிக்கலையே” என்றேன். இந்தச் சோதனையைத் தனி ஹெல்பராக்கி, அதாவது சின்ன உதவி ஃபங்ஷனாக்கி, டிரைவர் முழுக்க அதையே கூப்பிடலாம் என்பது என் கட்சி.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கர்னல் படிக்கிறவர்களுக்கு ஃபைண்ட்_விஎம்ஏ தெரியும். நாங்கள் புதிதாக வைக்கும் பெயர் யாருக்கும் தெரியாது. புதுப் பெயர் ஒவ்வொன்றும் படிப்பவரை இன்னொரு ஃபைலுக்கு ஓட வைக்கும். ஒரு வரியை மறைக்க ஒரு ஃபங்ஷன் எழுதினால் நிரல் சுருங்கியது போலத் தெரியும், புரிந்துகொள்ள வேண்டியது மட்டும் கூடியிருக்கும். இதைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: நம் டிரைவரில் எத்தனை இடத்தில் இதைக் கூப்பிடுகிறோம்? தேடிப் பார்த்தேன். ஐந்து இடம். இரண்டில் தொடக்க முகவரியைச் சோதிக்கும் இஃப் இருந்தது, மூன்றில் இல்லை. அதற்குப் பிறகு அவர் கமெண்ட் போதும் என்று சொல்லவில்லை.

நான் ஹெல்பருக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், மெயின்லைன் எனப்படும் மூலக் கர்னலில் இது ஏற்கெனவே நடந்து முடிந்திருப்பது தெரிந்தது. 2021-ல் வந்த 5.14 பதிப்பில் விஎம்ஏ_லுக்கப் என்ற ஹெல்பரைச் சேர்த்திருக்கிறார்கள். உள்ளே ஃபைண்ட்_விஎம்ஏ-வைக் கூப்பிட்டு, முகவரி பகுதியின் தொடக்கத்துக்குக் கீழே இருந்தால் வெறுமையைத் திருப்பித் தரும். அவ்வளவுதான், நாலைந்து வரி. கூடவே கர்னலில் கையால் சோதித்துக்கொண்டிருந்த பல இடங்களையும் அதற்கு மாற்றியிருந்தார்கள். எங்கள் கர்னல் பிரதி 5.10-ஐ ஒட்டியது, அதில் அது இல்லை. சொந்தப் பெயர் வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, அதே பெயரில் அதே ஃபங்ஷனை எடுத்துக்கொண்டோம். நீங்கள் பழைய கர்னலில் வேலை செய்பவராக இருந்தால், ஹெல்பர் எழுதும் முன் புதிய கர்னலைத் திறந்து பாருங்கள். இருந்தால் அதே பெயரை வையுங்கள். நாளைக்கு மேம்படுத்தும்போது உங்கள் பிரதியை அழித்தால் போதும். எல்லைச் சோதனையிலும் வெறும் கூட்டலை எடுத்துவிட்டு, எண் சுற்றி வந்தால் சொல்லிவிடும் செக்_ஆட்_ஓவர்ஃப்ளோ போட்டோம்.

சரி, ஃபைண்ட்_விஎம்ஏ ஏன் இப்படி ஒரு குணத்தோடு இருக்கிறது? அதைத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்குக் கோபம் போனது. நிரலின் தற்காலிக மாறிகள் இருக்கும் ஸ்டாக் என்ற பகுதி கீழ்நோக்கி வளரும். ஸ்டாக்கின் இப்போதைய எல்லைக்குச் சற்றுக் கீழே நிரல் எழுதப் போனால், ‘இந்த முகவரியில் நினைவகம் இல்லை’ என்று கர்னலுக்கு அறிவிக்கும் பேஜ் ஃபால்ட் வரும். அந்த முகவரி எந்தப் பகுதியிலும் இருக்காது, ஆனால் அதற்கு அடுத்து மேலே இருப்பது ஸ்டாக். அதை நீட்டிக் கொடுக்க வேண்டும். ‘இங்கே இல்லை என்றால் அடுத்தது எது’ என்ற கேள்வி அங்கே உண்மையாகவே தேவைப்படுகிறது. அந்த வேலைக்கு அந்தக் குணம் சரி, எங்கள் வேலைக்குத்தான் தவறு. நான் பார்த்த கமெண்டில் என்ன தருகிறது என்று இருந்தது. யாருக்காக இப்படித் தருகிறது, யார் இதைக் கூப்பிடக் கூடாது என்று இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த மூன்று இடங்களில் ஒன்றாவது தப்பித்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்து நான் செய்த தவறு எதிர்த் திசையில்.

ஒரு ஹெல்பர் இவ்வளவு காப்பாற்றுகிறதே என்ற வேகத்தில் இரண்டு மாதத்தில் பதினொரு ஹெல்பர் எழுதிவிட்டேன். பாதி வெறும் பெயர் மாற்றம். இரண்டில் வரிசையாக மூன்று பூலியன் அளவுருக்கள். கூப்பிடும் இடத்தில் ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ என்று நிற்கும், எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. இவையெல்லாம் தொல்லை மட்டும்தான். ஒன்று மட்டும் ஆபத்தானது. பயனர் முகவரி சரிதானா என்று பார்த்து ஆம், இல்லை சொல்லும் ஹெல்பர் அது. கூப்பிடுகிறவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று, உள்ளேயே எம்மேப் லாக்கைப் படிக்கும் முறையில் எடுத்து, பார்த்துவிட்டு, விட்டுவிடும்படி எழுதியிருந்தேன். புராசஸின் நினைவகப் பகுதிகளின் பட்டியலைக் காக்கும் பூட்டு அது. படிக்கும் முறையில் பலர் ஒரே நேரத்தில் பிடிக்கலாம், எழுதும் முறையில் ஒருவர் மட்டுமே.

சில மாதம் கழித்து ஒருவர் அதை, அந்த லாக்கை ஏற்கெனவே கையில் வைத்திருந்த இடத்திலிருந்து கூப்பிட்டார். அவர்மேல் பிழை சொல்ல முடியாது. ஹெல்பரின் பெயரில் லாக் என்ற சொல்லே இல்லை. படிக்கும் லாக்கை ஒரே த்ரெட் இரண்டு முறை எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அதனால் சோதனைகளெல்லாம் தேறின. சிக்கல் நடுவில் இன்னொரு த்ரெட் நுழையும்போதுதான் வரும். அது எம்மேப்போ, பகுதியை விடுவிக்கும் ‘முன்மேப்’போ செய்ய எழுதும் லாக் கேட்டு வரிசையில் நிற்கும். எழுத நிற்பவர் பட்டினி கிடக்கக் கூடாது என்பதால், புதிதாக வரும் படிப்பவர்களை கர்னல் அவருக்குப் பின்னால் நிறுத்தும். எழுத வந்தவர் எங்கள் முதல் லாக் விடுபடக் காத்திருப்பார். நாங்கள் இரண்டாவது லாக்குக்காக அவருக்குப் பின்னால் நிற்போம். யாரும் நகர முடியாது.

களத்திலிருந்து வந்த புகார், புராசஸ்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ் கட்டளை தொங்குகிறது’ என்பது. டிரைவரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. புராசஸின் கட்டளை வரியைப் படிக்க பிஎஸ்ஸுக்கும் அதே லாக் வேண்டும், அதனால் பார்க்கப் போனவரும் மாட்டிக்கொண்டார். சோதனைக் கர்னலில், லாக் பிழைகளைக் கண்டுபிடிக்கும் லாக்டெப்பை இயக்கி வைத்திருந்தால் அந்த வழியில் முதல் முறை ஓடியபோதே எச்சரித்திருக்கும். வேகம் குறைகிறது என்று அணைத்து வைத்திருந்தோம். இப்போது நாங்கள் இரண்டு கர்னல் கட்டுகிறோம், ஒன்று வேகத்தை அளக்க, ஒன்று லாக்டெப்போடு. தயவுசெய்து நீங்களும் செய்யுங்கள்.

அன்றிலிருந்து ஹெல்பருக்குள் லாக் எடுப்பதை நான் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். கூப்பிடுகிறவர் எடுக்கட்டும். ஹெல்பர் முதல் வரியில் எம்மேப்_அஸர்ட்_லாக்ட் வைத்து, லாக் பிடித்துத்தான் வந்திருக்கிறாரா என்று கேட்கட்டும். ‘இதைக் கூப்பிடும் முன் லாக் பிடித்திருக்க வேண்டும்’ என்ற கமெண்ட் சொல்வதைத்தான் இதுவும் சொல்கிறது. ஆனால் இது பிழை நடக்கிற நொடியில் சத்தம் போடும். கமெண்ட் சத்தம் போடாது.

கமெண்ட் பழசாகவும் ஆகும். 5.8-ல், 2020-ல், அந்த லாக்கின் பெயர் எம்மேப்_செம் என்பதிலிருந்து எம்மேப்_லாக் என்று மாறியது. அதுவரை அந்த லாக்கை (செமஃபோர் என்ற வகை) எல்லோரும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிப்பில் எம்மேப்_ரீட்_லாக், எம்மேப்_ரைட்_லாக் என்று உறை ஃபங்ஷன்கள் போட்டுக் கர்னல் முழுக்க மாற்றினார்கள். ஒரு வரிக்கு ஒரு உறை. மூத்தவர் அன்று சொன்ன அளவுகோலில் இது தேவையே இல்லாத வேலை. ஆனால் 5.11-ல் அந்த உறைகளுக்குள் ட்ரேஸ்பாயிண்ட் எனப்படும் கண்காணிப்புப் புள்ளிகளை வைத்தார்கள், லாக்குக்கு யார் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளக்க முடிந்தது. நேராகத் தொட்டுக்கொண்டே இருந்திருந்தால் கர்னல் முழுக்கக் கை வைக்க வேண்டியிருக்கும். எங்கள் டிரைவரின் கமெண்டுகளோ, அந்த மாற்றம் வந்து வெகுகாலம் ஆன பிறகும் எம்மேப்_செம் என்றே சொல்லிக்கொண்டிருந்தன. நிரலில் பெயர் தவறினால் கம்பைலர் நிறுத்திவிடும். கமெண்டில் தவறினால் நிறுத்த ஆளில்லை.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது விஎம்_ஃபிளாக்ஸ் கதை. ஒரு பகுதியின் தன்மைகளைக் குறிக்கும் பிட்டுகளான கொடிகளை டிரைவர்கள் நேராக ஆர்-ஈக்வல்ஸ் (|=) போட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். எழுதும் லாக் பிடித்துத்தான் மாற்ற வேண்டும் என்ற விதி உண்டு, அதைக் காப்பது அவரவர் பொறுப்பு. 2023-ல் வந்த 6.3-ல் அந்தப் புலத்தைக் கான்ஸ்ட், அதாவது நேராக மாற்ற முடியாதது, ஆக்கி, மாற்ற வேண்டுமென்றால் விஎம்_ஃபிளாக்ஸ்_செட், விஎம்_ஃபிளாக்ஸ்_கிளியர் வழியாகத்தான் என்றார்கள். உள்ளே லாக் சோதனை. எங்கள் டிரைவரை அந்தப் பதிப்புக்குக் கொண்டுபோனபோது மூன்று வரி கம்பைல் ஆகவில்லை. அலுத்துக்கொண்டே மாற்றினேன். அடுத்த பதிப்பு 6.4-ல் ஒவ்வொரு பகுதிக்கும் தனி லாக் வந்தது. கொடியை மாற்றும் முன் அந்தப் பகுதியை எழுதுவதற்காகப் பூட்ட வேண்டும். அந்த ஒரு வரியை ஹெல்பருக்குள் வைத்துவிட்டார்கள். எங்கள் மூன்று வரியில் எதையும் தொடாமலே அவை சரியாகிவிட்டன. பழைய முறையாக இருந்தால், ‘இனி இதையும் செய்யுங்கள்’ என்று ஆவணத்தில் எழுதிவிட்டு, உலகத்தில் உள்ள ஒவ்வொரு டிரைவர்காரரும் படிக்கக் காத்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் ஆவணம் எதற்கு? அதற்கும் என்னிடம் ஒரு அனுபவம் இருக்கிறது.

பயனர் நினைவகத்தைச் சாதனத்துக்குக் கொடுக்க நாங்கள் கெட்_யூசர்_பேஜஸ் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். 2020-ல் 5.6-ல் பின்_யூசர்_பேஜஸ் வந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுருக்களை வாங்கும், பக்கங்களின் பட்டியலைத் தரும். வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். முதலாவது, பக்கத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை 1 கூட்டும். இரண்டாவது, சாதாரண ஒற்றைப் பக்கத்துக்கு, 1024 கூட்டும். ‘இந்தப் பக்கத்தைச் சாதனம் பிடித்திருக்கக்கூடும்’ என்று ஃபைல் சிஸ்டம் போன்ற மற்றவர்கள் அந்தப் பெரிய எண்ணை வைத்து ஊகிக்கலாம். விடும்போது அன்பின்_யூசர்_பேஜ் கூப்பிட வேண்டும். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், எடுக்கும் இடத்தை பின்_யூசர்_பேஜஸுக்கு மாற்றிவிட்டு, விடும் இடத்தில் பழைய புட்_பேஜையே விட்டுவிட்டாள். 1024 ஏறி 1 இறங்கினால் மீதம் 1023. அந்தப் பக்கம் ஒருநாளும் விடுபடாது. ஒரு நாள் ஓடினால் நினைவகம் மெல்ல மெல்லக் கரைந்தது.

அதைச் சரி செய்த பிறகு, எடுப்பதையும் விடுவதையும் ஒரு ஜோடி ஹெல்பராகக் கட்டிவிடலாம் என்று அவளே சொன்னாள். சரியான யோசனை, கட்டினாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள்: “அக்கா, லாங்டெர்ம் கொடி போடணுமா வேண்டாமான்னு இந்த ஹெல்பருக்கு எப்படித் தெரியும்?”

ஹெல்பருக்குத் தெரியாது. எந்த ஹெல்பருக்கும் தெரியாது. சாதனம் அந்தப் பக்கத்தை ஒரு நொடியில் விட்டுவிடுமா, பயனர் செஷனை மூடும்வரை மணிக்கணக்கில் வைத்திருக்குமா என்பதில் இருக்கிறது விடை. நீண்ட நாள் பிடித்திருந்தால், நகர்த்தக்கூடியதாக ஒதுக்கிய நினைவக மண்டலத்தில் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. கர்னல் முன்கூட்டியே அதை வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும். கர்னலின் ஆவணத் தொகுப்பில் பின்_யூசர்_பேஜஸ் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, அவளை அதைப் படிக்கச் சொன்னேன். ஃபங்ஷன் ஃபங்ஷனாக விளக்காமல், சூழல் சூழலாக விளக்குகிறது: நேரடி ஐஓ செய்கிறீர்களா, ஆர்டிஎம்ஏ (வலைப்பின்னல் வழியே நினைவகத்தை நேராகத் தொடுவது) போல நெடுநாள் பிடித்திருக்கிறீர்களா, உள்ளடக்கத்தைத் தொடாமல் பக்கத்தின் கணக்கை மட்டும் பார்க்கிறீர்களா என்பது போல ஐந்து வகை. நாங்கள் இரண்டாவது வகை. பத்து நிமிடத்தில் விடை கிடைத்தது. நான் வாயால் விளக்கியிருந்தால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், பாதி தவறாகவும் சொல்லியிருப்பேன்.

அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு எங்கள் டிரைவருக்கும் அதே பாணியில் எழுத ஆரம்பித்தோம். முன்பு எங்கள் உள் விக்கியில் ஃபங்ஷன் வாரியாக ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. யாரும் திறப்பதில்லை, திறந்தாலும் பழைய பெயர்கள். அதைத் தூக்கிவிட்டு, டிரைவரின் சோர்ஸ் ஃபைல் தலையிலேயே எழுதினோம். பஃபர் எப்போது பிறக்கிறது, யார் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது, பயனர் பாதியில் செத்துப் போனால் யார் விடுவிக்கிறார்கள், எந்த லாக்குக்கு முன் எந்த லாக். முப்பது வரி இருக்கும். நிரலை மாற்றும் பேட்ச் இந்த வரிகளையும் தொட வேண்டியிருந்தால், ஒரே பேட்சில் இரண்டும் வர வேண்டும் என்பது ரிவ்யூ விதி.

ஹெல்பரும் வேண்டாம், கமெண்டும் வேண்டாம் என்ற மூன்றாவது வழியும் ஒன்று உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். பல பக்கங்கள் சேர்ந்த கூட்டுப் பக்கத்தில், கையில் கிடைத்தது தலைப் பக்கமா வால் பக்கமா என்ற குழப்பம் கர்னலில் நெடுங்காலம் இருந்தது. 5.16-ல் ஃபோலியோ என்று தனி டைப் கொண்டுவந்தார்கள். ஃபோலியோ ஒருபோதும் வால் பக்கமாக இருக்காது. ஃபங்ஷன் ஃபோலியோ கேட்டால், அங்கே அந்தக் கேள்வியே எழாது. டைப்பால் தீர்க்க முடிந்ததை டைப்பால் தீர்ப்பது எனக்கு எல்லாவற்றையும்விட நிம்மதி தருகிறது. ஆனால் நம் டிரைவர் அளவில் அதற்கு வாய்ப்பு அரிதாகத்தான் கிடைக்கும்.

ரிவ்யூவில் புது ஹெல்பர் ஒன்று வந்தால் இப்போது நான் முதலில் அதன் உள்ளே பார்ப்பதில்லை. கூப்பிடும் இடங்களைப் பார்க்கிறேன். ஒரே சோதனையைச் சிலர் செய்து சிலர் மறந்திருந்தால், ஹெல்பர் வேண்டும், மறுபேச்சில்லை. எல்லோரும் சரியாகவே செய்திருந்தால், இந்தப் பெயர் புதிதாக என்ன சொல்கிறது என்று கேட்கிறேன். அது உள்ளே ஏதாவது எடுக்கிறதா, தூங்குமா, எண்ணிக்கையைக் கூட்டுமா? ஆம் என்றால் அது பெயரில் தெரிய வேண்டும், அல்லது கூப்பிடுகிறவர் கைக்கே போக வேண்டும். கமெண்ட் வந்தால், நிரலே சொல்வதைத் திருப்பிச் சொல்கிறதா, ஏன் என்று சொல்கிறதா என்று பார்க்கிறேன். ‘லாக் பிடித்திருக்க வேண்டும்’ என்று கமெண்ட் இருந்தால் அஸர்ட்டாக மாற்றித் தரச் சொல்கிறேன்.

என் பதினொரு ஹெல்பரில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்று. விஎம்ஏ_லுக்கப்பின் எங்கள் பிரதி, கர்னலை மேம்படுத்திய அன்றே போய்விட்டது. போன மாதம் அந்தப் பெண் இன்னொன்றையும் அழித்துப் பேட்ச் அனுப்பினாள், நான் எழுதியதுதான். ஒரே ஒரு இடத்தில் கூப்பிடப்பட்ட ஆறு வரி ஹெல்பர். அதன் உடலைக் கூப்பிட்ட இடத்திலேயே விரித்து வைத்துவிட்டு, மேலே இரண்டு வரி கமெண்ட் போட்டிருந்தாள்: செஷன் மூடும்வரை சாதனம் இந்தப் பஃபரில் எழுதிக்கொண்டிருக்கும், அதனால் பின்_யூசர்_பேஜஸ் பிடித்த பக்கங்களையும் அதுவரை விடக் கூடாது. படித்தேன், ஒப்புதல் கொடுத்தேன்.